அங்குச்சாமியின் தோளில் ஒரு கை

கேமராவில் எண் சின்னதாக இருந்தால் ஓட்டை பெரிதாம், எண் பெரிதாக இருந்தால் ஓட்டை சின்னதாம். இந்தக் கணக்கைப் போட்டவன் மட்டும் கையில் கிடைத்தால் அவனைப் பஸ்ஸில் பின்டயருக்கு நேர் மேலே இருக்கிற சீட்டில் உட்கார வைத்து, மதுரையிலிருந்து நத்தம் வரைக்கும் ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஏற்ற வேண்டும் என்று தவசிலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆயுசு முழுக்க அரசு பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன். வெயில் இன்னும் தண்ணீர்த் தொட்டியின் தலையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் மொட்டை மாடியில் அவருக்கு மண்டை கொதித்தது. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் மகள் விட்டுப்போன பழைய கேமரா ஒற்றைக் கண்ணால் அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. எதிரே வெள்ளைச் சுவர், சுவருக்கு முன்னால் பழைய ஆன்டெனாக் கம்பி, கம்பியில் அவருடைய காக்கிச் சட்டை. தன்னைத் தானே படம் எடுக்கிறவன் அங்கே போய் நிற்கவும் வேண்டும், இங்கே நின்று போகஸ் பார்க்கவும் வேண்டும். அதற்கு ஒரு ஆள் அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று மனைவி சீனியம்மாவைக் கூப்பிட்டதற்கு, "அடுப்புல சோறு கெடக்கு. ஒங்க சாவுப் படத்துக்கு நான் வந்து அளவு குடுக்கணுமாக்கும்" என்று படியிறங்கிப் போய்விட்டாள். அதனால்தான் காக்கிச் சட்டை. சாவுப் படம்தான். அதில் என்ன தப்பு. கல்யாணத்துக்குப் போகிறவன் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போகவில்லையா. சாவுக்கும் ஒரு நாள் தெரு முக்கில் பேனர் கட்டத்தான் போகிறார்கள், அதில் எந்த மூஞ்சியோடு நிற்பது என்று நிற்கப்போகிறவன்தானே முடிவு பண்ண வேண்டும். விட்டால் மூன்றாம் மனுஷன் முடிவு பண்ணுவான். கத்திரியை எடுத்துக்கொண்டு வருவான். பண்ணினார்களே, அங்குச்சாமிக்கு.

அதை நினைத்ததும் வலது கை தானாக மடங்கிக்கொண்டது. போன வருசம் இதே மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அங்குச்சாமி எழுந்திருக்கவில்லை. இவர் ஓட்டிய பஸ்ஸுக்கெல்லாம் கண்டக்டர் அவன்தான். மாப்ள என்று இவரும் மாப்ள என்று அவனும், வேறு பெயரே கிடையாது. எடுத்த உடம்பை இறக்குவதற்குள் முக்கில் பேனர் ஏறிவிட வேண்டும் என்று செல்லூரில் ஒரு அவசரம் உண்டு, செத்தவனைவிட அது முக்கியம். வீட்டில் தேடினால் அவனுக்குத் தனியாக ஒரு படம் கிடையாது, ஆதார் அட்டையில் இருப்பது செயின் அறுத்தவன் மூஞ்சி. கடைசியில் அவன் மகன் கதிரேசன் டெப்போவில் எடுத்த பணி நிறைவுப் படத்தைக் கொடுத்தான். அந்தப் படத்தில் இருந்தது ரெண்டு பேர். ரெண்டு பேர் கழுத்திலும் ரோஜா மாலை. பிளக்ஸ் போடுகிறவன் என்ன செய்தான், தவசிலிங்கத்தைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஓட்ட வெட்டி வீசிவிட்டான். வீசியவன் முழுசாக வீச வேண்டாமா. அங்குச்சாமியின் முதுகுப்பக்கமாகப் போய் அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்திருந்த கையை மறந்துவிட்டான். பேனரில் பார்த்தால் நீல வானம், பஞ்சு மேகம், ரெண்டு பக்கமும் எரிகிற விளக்கு, நடுவில் ஆப்பிள் பழம் மாதிரி சிவப்படித்த ஒரு அங்குச்சாமி. கரிச்சட்டி மாதிரி இருந்தவனை யார் இப்படி வெளுக்கச் சொன்னது. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, நாலு விரல். அதில் மோதிர விரல் குட்டை. எஞ்சின் மூடி விழுந்து நுனி போன விரல், டெப்போ முழுக்கத் தெரிந்த விரல். "என்னண்ணே, ஒங்க கையி மட்டும் முன்னாடியே போயி துண்டு போட்டு எடம் புடிச்சிருச்சு போல" என்று டீ மாஸ்டர் கேட்டான், கேட்டுவிட்டு வடை எடுக்கக் குனிந்துகொண்டான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்த பொம்பளை ஒருத்தி குழந்தையிடம் காட்டிச் சொன்னாள், "அந்தா பாரு, எமன் கையி. தாத்தாவப் புடிச்சிட்டுப் போகுது." எமனாம். இவர் கை எமன் கையாம். மழையிலும் வெயிலிலும் அந்தப் பேனர் கிழியாமல் தொங்கிய மாசமெல்லாம் தவசிலிங்கம் சுற்று வழியில்தான் டீ குடிக்கப் போனார்.

கேமராத் திரையில் காக்கிச் சட்டையின் பொத்தான் தெளிவாகத் தெரிகிறது, பின்சுவர் கொஞ்சம் மங்கல். போகஸ் சரி. இனி லென்ஸில் விரல் படக்கூடாது. ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமரா வகுப்பு எடுக்கிற பெண், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறவள். முதல் நாள் வகுப்பில், "எதுக்கு சார் கத்துக்கறீங்க, பறவையா, கோயிலா" என்று கேட்டாள். "என்னய வெட்டாம எடுக்கணும்" என்றார். அவளுக்குப் புரியவில்லை, சிரித்தாள். ஆனாலும் கெட்டிக்காரி. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று மூன்றையும் அவள் போர்டில் முக்கோணம் போட்டுச் சொன்னபோது இவருக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் தரையில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான், அட, இது நம்ம பஸ் படிக்கட்டு என்று பிடிபட்டது. அப்பர்ச்சர் என்பது கதவு எவ்வளவு அகலம் என்பது. ஷட்டர் என்பது கதவை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது. வெளிச்சம் என்பது கூட்டம். அகலக் கதவு என்றால் சட்டென்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒடுங்கின கதவு என்றால் நின்று நின்றுதான் ஏற்ற வேண்டும், அதற்குள் எவனாவது அசைந்தால் படத்தில் அவன் புகை மாதிரி இழுபடுவான். ரெண்டும் பத்தாது என்றால் ஐஎஸ்ஓ. அது அங்குச்சாமி. "உள்ள போ உள்ள போ, நடுவுல பூராம் காலியாக் கெடக்கு, உள்ள போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றுகிறது. ஏறிவிடும், ஆனால் சட்டையெல்லாம் கசங்கிப்போகும், படம் புள்ளி புள்ளியாக வரும். அடுத்த வாரம் இதைச் சொன்னதும் ஜெசிந்தா போர்டை அழித்துவிட்டு பஸ் படம் போட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்த கையோடு இவர் அழகர்கோயில் விலக்கில் ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று பின்படியில் ஏறிய கதையையும் எடுத்துவிட்டார். ஏறிய காளை ஒருத்தரையும் முட்டாமல் கம்பி ஓரமாக ஒதுங்கி நின்றது, மூன்றாவது ஸ்டாப்பில் தானே இறங்கிப் போனது, அதன் சொந்தக்காரன் மாமியார் வீடு அங்கேதான். சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போல இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸிலும் சரி, டீக்கடையிலும் சரி, அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒரு குரல் வரும். "ஆமா, நான்தான லக்கேஜ் டிக்கெட் கிழிச்சேன். கொம்புல சொருகி விட்டேன்." அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. காளைக் கதை அந்தரத்தில் தொங்கியது. எல்லோரும் மரியாதைக்குச் சிரித்தார்கள், அந்த மரியாதையைக் கேட்டதும் அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது. இந்தக் குட்டை விரலை அழகர் மலையில் சிறுத்தை கடித்தது என்றவர் இவர், நேரில் பார்த்தேன் என்றவன் அவன். சிறுத்தைக்கு எந்தப் பல் ஆடியது என்றுகூடச் சொல்வான். சாட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இனிமேல் எதைச் சொன்னாலும் பொய்தான்.

டைமர் பொத்தானை அமுக்கினார். கேமரா பீப் பீப் என்று எண்ணத் தொடங்கியது. ஓடிப்போய்க் கம்பியிலிருந்து காக்கியை உருவி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நின்றார். முட்டி வலித்தது. பீப் வேகமாயிற்று, கண்டக்டர் கொடுக்கிற ரெட்டை விசில் மாதிரி. ஒரு விசில் நில்லு, ரெண்டு விசில் போ. ரெட்டை விசில் கேட்டால் கால் தானாகக் கிளச்சை மிதிக்கும், இன்றைக்கும் மிதிக்கிறது, கட்டிலில் படுத்திருக்கும்போது தெருவில் எவனாவது விசிலடித்தால்கூட. அந்தச் செவ்வாய்க்கிழமை விசில் கேட்கவில்லையே. வாழ்நாளெல்லாம் விசில் கொடுக்காமல் ஒரு இஞ்ச் நகர விடாதவன், இறங்குகிறபோது மட்டும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினான். சட்டப்படி குற்றம். க்ளிக். போய்ப் பார்த்தார். தும்பைப்பூச் சட்டை சாம்பல் பூத்திருந்தது, மூஞ்சி இருட்டுக்குள் கிடந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, எங்கே பார்த்தாலும் வெள்ளை என்றதும் கேமரா பயந்து எல்லாவற்றையும் சேர்த்து மங்க வைத்துவிடுகிறதாம். "அது முட்டாள் சார், நீங்கதான் பிளஸ்ல வச்சு வெளிச்சத்தக் கூட்டணும்" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். கூட்டினார். மறுபடி அமுக்கினார், ஓடினார். நடுவில் நிற்கக்கூடாது, படத்தை மூன்று பங்காகப் பிரித்து ஒரு ஓரக் கோட்டில் நில், பார்க்கிற பக்கம் இடம் விடு. இவர் வலது ஓரக் கோட்டில் நின்றார். டிரைவர் சீட்டும் அந்தப் பக்கம்தானே. ஆனால் கை, இந்தக் கையை எங்கே வைப்பது. தொங்கவிட்டால் ஈரத்துண்டு. கட்டிக்கொண்டால் வட்டச் செயலாளர். பின்னால் கட்டினால் திருட்டு நகையோடு அடகுக் கடையில் மாட்டிக்கொண்டவன். க்ளிக். போய்ப் பார்த்தார். மூஞ்சி நன்றாக விழுந்திருந்தது, கண்ணில் வெளிச்சப் புள்ளிகூட இருந்தது. வலது கை மட்டும் அக்குளிலிருந்து விலகி, என்னவோ வாங்கப் போகிறதைப் போலப் பாதி தூக்கினபடி காலி இடத்தைப் பார்த்து நின்றது. சீ என்று அழித்தார். ராத்திரி இந்தக் கைதான் மரத்துப் போகிறது. மேலே போட்டுப் படுத்ததால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடது கையால் அதைத் தூக்கி மார்பில் வைத்தால், வேறு எவனுடைய கையோ மாதிரி கனக்கும், சில்லென்று இருக்கும். முன்னாடியே போய்த் துண்டு போட்டுவிட்டது. டீ மாஸ்டர் வாயில் புற்று வைக்க. துண்டு போட்ட சீட்டில் எப்போது வந்து உட்காரச் சொல்வார்கள். சீனியம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், மகளுக்குப் போன். கையை உதறினார். விரல்கள் இருக்கின்றன, மூன்றே முக்கால் விரலும் கட்டை விரலும், எல்லாம் அசைகின்றன. எமனாம்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கதிரேசன். நாளைக்கு அங்குச்சாமிக்கு வருசாந்திரம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர் இன்றைக்கு அச்சுக்குப் போகிறது. பழைய படம்தான், வேறு இல்லை. ஒரு மாசமாகத் தவசிலிங்கம் அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை அந்தக் கை இருந்தால் நான் உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்று. "மாமா, சொன்ன மாதிரியே கையத் தூக்கியாச்சு. ஒங்களுக்கு அனுப்பிருக்கேன். பாத்துட்டு ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, பிளக்ஸ்காரரு மிசின ஓட விடாம ஒக்காந்துருக்காரு." "இரு" என்று வைத்துவிட்டு, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துப் படத்தைத் திறந்தார். பிளக்ஸ்காரன் சுத்தமாகத் துடைத்திருந்தான். விரல் இருந்த இடத்தில் சட்டைத் துணியை வரவழைத்திருந்தான், மடிப்புகூட விழுந்திருந்தது. மேகத்தில் ஒரு கறை இல்லை. தெருவில் இனி எவளும் குழந்தைக்குக் காட்ட மாட்டாள். இதுதான் கேட்டது, இதேதான். பிறகு ஏன் கழுத்து நரம்பு புடைக்கிறது. படத்தை விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். எங்கேயோ பிசகியிருக்கிறது, ஆக்சில் கோணினால் ஸ்டியரிங்கில் தெரியுமே அந்த மாதிரி. வெளிச்சத்தில் இல்லை. போகஸில் இல்லை. கண்டுபிடித்துவிட்டார். ஆள் சாய்ந்திருக்கிறான். வலது பக்கமாக, வேலி சாய்கிற மாதிரி, அங்குச்சாமி ஒரேயடியாகச் சாய்ந்திருக்கிறான், சாய்ந்த பக்கத்தில் ஒன்றுமே இல்லை. படத்தில் ஒருத்தர் சாய்ந்தால் சாய்வதற்குப் படத்துக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னது பறவைக்கும் மரத்துக்கும் என்றல்லவா இவர் நினைத்துக்கொண்டிருந்தார். காரணத்தை வெட்டியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு குடிகாரன், மேகத்து மேல் விழப்போகிறவன். அன்றைக்கு டெப்போவில் மாலை விழுந்ததும் அவனுக்குக் கால் ரெண்டும் துணியாகிப் போயிற்று. "மாப்ள, நாளைக்கு நான் எங்கிட்டுப் போவேன், காலையில எந்திரிச்சு எங்கிட்டுப் போவேன்" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டான், மூஞ்சி போட்டோவுக்குச் சிரித்தபடியே இருந்தது. கீழே சரியப்போனவனை இவர்தான் முதுகுப்பக்கமாகக் கையைக் கொடுத்து, தோளைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்தக் குட்டை விரல் சட்டையில் அழுந்தின அழுத்தம், அது எமன் பிடித்த பிடி இல்லை, விழாமல் பிடித்த பிடி. ஊருக்கு எப்படித் தெரியும். ஊரை விடு, இவருக்கே மறந்துபோனதே. ஒரு வருசமாகத் தன் கையையே பார்த்துப் பயந்து, மாசக்கணக்கில் சுற்று வழியில் டீ குடிக்கப் போனாரே. அந்த நினைப்பில் வந்த கோபம் யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை, பிளக்ஸ்காரன், டீ மாஸ்டர், விசில் கொடுக்காமல் இறங்கியவன், எல்லோரும் ஒரே படிக்கட்டில் தொங்கினார்கள்.

"டேய் கதிரேசா, எவன்டா கைய எடுத்தது." "நீங்கதான மாமா சொன்னீங்க. ஒரு மாசமா அதத்தான சொன்னீங்க." "சொன்னா எடுத்துருவியா. ஒங்கப்பன் கீழ விழுகுறான், கண்ணு தெரியல ஒனக்கு? கைய வையி." கதிரேசன் மெதுவாக, "மாமா, மறுபடி எமன் கைன்னு சொல்லுவாய்ங்க" என்றான். "சொல்லட்டும். கேக்குறவன்ட்ட நான் சொல்லிக்கிறேன். முக்குல பேனருக்கு அடியிலயே ஸ்டூல் போட்டு ஒக்காந்து சொல்றேன், இது எங்கையின்னு. வெரல மறைக்காம வையிடா, அந்தக் குட்ட வெரலு நல்லாத் தெரியணும். அப்பறம் ஒங்கப்பன அவன் நெறத்துக்கே விடச் சொல்லு, மாப்பிள்ளைக்கி மைதா மாவு பூசுன மாதிரி இருக்கு." கதிரேசன் சிரித்தானா மூக்கை உறிஞ்சினானா தெரியவில்லை. "சரி மாமா" என்றான். போனை வைத்தபோது சீனியம்மா வடகத் தட்டோடு மேலே வந்து நின்றிருந்தாள். "யாரப் போட்டு இந்த வையி வையிறீங்க." அவர் கேமராவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வலது ஓரக் கோட்டைப் பார்த்தார், அந்த ஓரத்துக்கு இடதாக இவ்வளவு நேரமும் சும்மா கிடந்த இடத்தைப் பார்த்தார். இத்தனை நாள் வெட்டாமல் எடுப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தாரே, மடப்பயல், தனியாக நின்றால் வெட்ட வேண்டிய தேவையே இல்லை, பிளக்ஸ்காரன் சுலபமாகத் தூக்கி மேகத்தில் ஒட்டிவிடுவான். "தட்ட வச்சிட்டு அங்கிட்டுப் போயி நில்லு" என்றார். "எனக்கெதுக்கு. நான் இன்னும் சாகல." "நில்லுடி. போகஸ் பாக்கணும்." அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள், முனகிக்கொண்டே. எண்ணைப் பெரிதாக்கினார். ஓட்டையைச் சின்னதாக்கினால்தான் ரெண்டு மூஞ்சியும் தெளிவாக விழும், அந்தக் கணக்குப் போட்டவன் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. அவள் மூக்குத்தியில் போகஸ் வைத்தார். அமுக்கினார். ஓடினார். பீப். பக்கத்தில் போய் நின்று, முதுகுப்பக்கமாகக் கையைக் கொடுத்து, அந்தப் பக்கத்துத் தோளைக் கொத்தாகப் பிடித்தார். "ஏங்க, என்ன பண்றீங்க, மேலவீட்டு மாடியில ஆளு நிக்கிது, கைய எடுங்க" என்று அவள் ஒரு கையால் அவர் மார்பில் வைத்துத் தள்ளினாள். நல்ல பலம். வளையல் நெஞ்செலும்பில் குத்தியது. பீப் வேகமாயிற்று, ரெட்டை விசிலாக அடித்தது, கால் கிளச்சைத் தேடியது. க்ளிக். ஓடிப்போய்ப் பார்த்தார். ரெண்டு தலை, ரெண்டும் கோபத்தில். அவள் தோளில் நாலு விரல், ஒன்று குட்டை. அவர் நெஞ்சில் அஞ்சு விரல், மாவு காய்ந்த விரல், கண்ணாடி வளையலோடு. இவரை வெட்டி எடுத்தால் அந்த வளையல் கூடவே வரும். அவளை வெட்டி எடுத்தால் இந்தக் குட்டை விரல் கூடவே போகும். "காட்டுங்க" என்று எட்டிப் பார்த்த சீனியம்மா, "சண்ட போடுற மாதிரியில்ல இருக்கு, அழிங்க அத" என்றாள். தவசிலிங்கம் அழிக்கவில்லை. தெரு முக்கு இருக்கிற திசையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இப்ப வெட்டுங்கடா பாப்போம்" என்றார்.